எட்டாவது கிழமை

சிங்கப்பூர்
3 பிப்ரவரி 2008

அன்புத் தங்கச்சி ஷாரோனுக்கு,

பொன்னுத்துரை அண்ணன் எழுதுவது. இந்தக் கடிதம் கருப்பையா கையில் வருகிறது. ரங்கூனுக்குப் பக்கத்து மாவ்பிக்கு லீவில் போகிறவனைப் பிடித்து, ரங்கூனில் இறங்கியதும் முதல் வேலை இதுதான் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் கப்பல் பட்டறை ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சனிக்கிழமை மாலைகளில் அப்துல் ரவூப் என்பவர் வீட்டில் 'ஏழு கோட்டை' ஆடுகிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நாம் ரங்கூனில் ஆடியது போலத்தான். ரவூப் கதை சொல்வார். சுற்றி உட்கார்ந்திருக்கும் பதினொரு பேரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து, பகடை உருட்டி, அடிபட்டுப் பிழைப்போம். புத்தகத்தைப் புரட்டி ஒரு கதாபாத்திரம் செய்ய இரண்டு மணி நேரம் ஆகும். நம் எக்செல் கோப்பில் பகடை எண்களைப் போட்டால் பலம், அறிவு, தொழில், பிறந்த கிழமை எல்லாம் தானாக வந்து நிற்கும். அதைப் பார்த்து இங்கே எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது.

போன சனிக்கிழமை கதைக்கு ஒரு புது ஆளைச் சேர்க்க ரவூப் எட்டுப் பக்கப் பகடையை உருட்டியதில் எட்டு விழுந்தது. பிறந்த கிழமை 'புதன் மாலை' என்று கோப்பு காட்டியது. "வாரத்துக்கு எத்தன நாளு துரை உங்க ஊர்ல?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏழு நாளுக்கு ஏழு எண், எட்டு விழுந்தால் மறுபடி உருட்டு என்றுதான் அவர்கள் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த எட்டாவது வரியைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று எழுத? வைத்தியர் கள்ளுக்கடைக்காரர் ஆனார். மீனவர் கையில் வாள் போய் உலக்கை வந்தது. சிலருக்கு ஊரே இல்லை. மூன்று பேருடையதை நானே தட்டித் தட்டிச் சரிசெய்யப் பார்த்தேன், குரங்கு கையில் பூமாலைதான். அதை அப்படியே பழைய கோப்பின் மேலேயே சேமித்தும் தொலைத்தேன். இரண்டு வருஷமாக இவர்கள் வளர்த்த ஆட்கள் ஷாரோன்.

கோப்பை உனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் சரியாகிவிட்டால் என் மானம் பிழைக்கும். நீ எப்படிச் செய்கிறாய் என்று கொஞ்சம் விவரமாக எழுதினால், இனி நானே பார்த்துக்கொள்வேன்.

அன்பு அண்ணன்,
பொன்னுத்துரை


யாங்கோன்
17 பிப்ரவரி 2008

அன்புள்ள துரை அண்ணனுக்கு,

கருப்பையா வந்தார், கடிதம் கொடுத்தார், சத்தியம் காப்பாற்றப்பட்டது. இணையக் கடைக் கணினியில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிவதால் நானும் கையாலேயே எழுதி அவரிடமே கொடுத்துவிடுகிறேன். ஞானோபதேச வகுப்பில் படித்த தமிழ். பிழை இருந்தால் சாமியாரைக் கேளுங்கள்.

முதலில் வியாதி. நீங்கள் அழித்தது ஒரு வரியை அல்ல. கிழமை அட்டவணைக்கு வலது பக்கமே தொழில், ஆயுதம், ஊர் அட்டவணைகளும் வரிசையாக இருக்கின்றன. அந்த வரியை அப்படியே வெட்டியதால் எல்லாவற்றிலும் எட்டாவது போய், கீழே இருந்ததெல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. வரியைத் திரும்ப வைத்தேன், எட்டுப் பேருக்கு உடனே குணமாகிவிட்டது. நீங்கள் வைத்தியம் பார்த்த மூன்று பேருக்குத்தான் உருட்டிய எண்களே அழிந்துவிட்டன. அவர்களுக்கு ஞாபகம் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

எட்டாவது கிழமை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? பான்சோடான் தெரு நடைபாதையில் வாங்கிய நம் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தபோது, இற்றுப்போயிருந்த அந்தப் பக்கத்தின் கடைசி வரி கிழிந்து போனது. பகடைக்கு எட்டுப் பக்கம், அட்டவணையில் ஏழு நாள். எட்டாவது என்ன என்று ரங்கூனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பர்மியக் கணக்கில் புதன்கிழமை நண்பகல் வரை ஒரு கிழமை, அதற்குப் பிறகு ராகுவின் கிழமை. பகோடாவில் அதற்குத் தனி மூலை, தந்தமில்லாத யானை. தனியாக நின்றால் அதிர்ஷ்டம் குறையும், பக்கத்தில் இரண்டு பேர் நின்றால் மூவருக்கும் கூடும் என்று அதற்கொரு விதியும் வைத்தேன். கோப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். நீங்களே புதன் மாலை பிறந்தவர் என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார். சொந்தக் கிழமையை அழித்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இனி என் வியாதி. கோப்பின் முதல் பக்கத்தில் 'உருவாக்கிப் பராமரிப்பவர்: பொன்னுத்துரை, சிங்கப்பூர்' என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நாலு வருஷமாக ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி போட்டு எழுதிவந்தேனே, அந்த மாற்றக் குறிப்பைக் காணோம். அது தானாக உதிர்ந்து விழாது அண்ணா. ஆட்டக்காரர்களின் வலைத்தளத்தில் ஏற்றுகிறேன் ஏற்றுகிறேன் என்று என்னிடம் வாங்கிய ஒவ்வொரு கோப்பையும் இப்படித்தான் ஏற்றினீர்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

கதாபாத்திரங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. அதனால் சரிசெய்து அனுப்பிவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஷாரோன்


சிங்கப்பூர்
9 மார்ச் 2008

அன்புத் தங்கச்சி ஷாரோனுக்கு,

கோப்பு வந்தது, எட்டுப் பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற மூவரின் எண்கள் இந்தத் தாளின் பின்புறம். ஒருவர் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார், நல்ல காலம்.

கோப்பைத் தொடங்கியது நான்தானே ஷாரோன்? முதல் மூன்று பக்கம் என் கை. உன் அண்ணன் ஆண்ட்ரூவும் நானும் தேவாலய அறையில் உட்கார்ந்து செய்ததை நீ அறிவாய்.

இதை எழுதிவிட்டு ஒரு வாரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மேலே இருக்கிற வாதம் எனக்கே ருசிக்கவில்லை.

இங்கே ஓர் அறையில் பதினாறு பேர். பட்டறையில் என் பெயர் 'மியான்மர்'. "ஏய் மியான்மர், அந்தப் பெட்டியை எடு" என்பார்கள். நான் தமிழன் என்றால் இந்தியாவா என்பார்கள், ரங்கூன் என்றால் தமிழ் எப்படி வந்தது என்பார்கள். ஒரு மனிதனுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்பட்டால் அவன் வாயை மூடிக்கொள்வதே மேல். ரவூப் வீட்டில்தான் "துரை வந்துட்டானா, ஆரம்பிக்கலாமா" என்று ஒருவர் கேட்டார். முதல் நாள் அவர் கோப்பைப் பார்த்துவிட்டு "யாரு செஞ்சது?" என்றார். நான் என்றேன். அன்றைக்கு அது பாதி உண்மை. இரண்டு வருஷத்தில் அது முழுப் பொய்யாக வளர்ந்துவிட்டது. உன் குறிப்பு இருந்தால் யாராவது படிப்பார்கள் என்று பயந்து அழித்தேன்.

தப்புதான். ஆனால் இப்போது போய்ச் சொல்லச் சொல்லாதே. அந்த வீட்டுக் கதவும் மூடிவிட்டால் எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இல்லை.

பொன்னுத்துரை


யாங்கோன்
6 ஏப்ரல் 2008

துரை அண்ணனுக்கு,

உங்கள் கஷ்டம் புரிகிறது. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. புரிந்ததும் கோபம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

நான் ஷ்வேப்யிதா தையல் தொழிற்சாலை ஆபீசில் நாள் முழுக்கச் சட்டை அளவுகளைக் கணினியில் தட்டுகிறேன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், பஸ்ஸில் நின்றபடி. ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பேன். பிறகு பென் டிரைவை எடுத்துக்கொண்டு கீழே பர்கத்துல்லா பாயின் ஜெராக்ஸ், இணையக் கடைக்குப் போய், இணையம் வரும்வரை காத்திருந்து உங்களுக்கு அனுப்புவேன். என்னையும் 'ஷாரோன், பிரமாதம்' என்று சொல்ல இங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை. உலகத்தில் யாராவது இதை ஆடுகிறார்களா அண்ணா என்று நான் கேட்டபோதெல்லாம் 'ஏதோ நாலைந்து பேர்' என்று எழுதினீர்கள். அந்த நாலைந்து பேருக்காகத்தான் செய்தேன்.

மூன்று பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். சூத்திரங்கள் இருக்கும் பக்கங்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். கடவுச்சொல் என்னிடம். ஆடலாம், மாற்ற முடியாது. இனி வரும் பிழையை உருவாக்கியவரே பார்த்துக்கொள்ளட்டும்.

திஞ்சான் வருகிறது. தண்ணீர் ஊற்றிப் பழைய வருஷத்துப் பாவத்தைக் கழுவுவார்கள். சிங்கப்பூரிலும் குழாய் இருக்கும்.

ஷாரோன்


சிங்கப்பூர்
11 மே 2008

தங்கச்சி ஷாரோன்,

புயல் அடித்து எட்டு நாளாகிறது. டெலிபோன் போகவில்லை, மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. நாளைக்கு ரங்கூன் புறப்படும் ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன். என் மேல் இருக்கிற கோபத்தை அப்படியே வைத்துக்கொள், ஒரு வரி மட்டும் எழுது. நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்களா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் என் அம்மா எப்படி என்று யாரிடமாவது விசாரிக்க முடியுமா? பாலம் நிற்கிறதா, பஸ் ஓடுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. தொலைக்காட்சியில் காட்டுவதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

நேற்று சனிக்கிழமை. எங்கே போவதென்று தெரியாமல் ரவூப் வீட்டுக்குத்தான் போனேன். அவர்கள் ஆட்டம் வைக்கவில்லை. எனக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ரவூப் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்கிற தகுதி எனக்கில்லை என்று தோன்றிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோப்பை நாலு வருஷமாக நடத்துவது நான் இல்லை, ரங்கூனில் ஒரு பெண், பெயர் ஷாரோன், உங்கள் பதினொரு பேரையும் காப்பாற்றியது அவள், இப்போது அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது என்றேன். அழுதுவிட்டேன் என்றும் எழுதிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

ரவூப் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு ரவூப் சொன்னார்: "துரை, கோப்புக்காகவா உன்ன வீட்டுக்குக் கூப்பிட்டோம்? மொத நாளு சாப்பிடாம வந்து உக்காந்திருந்த, ஞாபகம் இருக்கா? அதான் மறு வாரமும் வரச் சொன்னேன். அந்தப் பொண்ணு நல்லா இருக்கான்னு தெரியட்டும். அதுக்கப்புறம் உன்ன வச்சுக்கிறேன்."

எழுது ஷாரோன்.

பொன்னுத்துரை


யாங்கோன்
1 ஜூன் 2008

அன்புள்ள துரை அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். இதை முதல் வரியாகப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள்.

உங்கள் கடிதம் வரும் முன்பே ஆண்ட்ரூவும் நானும் தன்லியின் போய்விட்டோம். பஸ் ஓடத் தொடங்கிய அன்றே கிளம்பினோம். பாலம் நிற்கிறது. உங்கள் வீட்டுக் கூரையில் பாதி போய்விட்டது, அம்மா பக்கத்து வீட்டு டோ மியாவோடு இருக்கிறார். கையில் சின்னக் காயம், ஆறிவிட்டது. "எம்புள்ள சாப்பிட்டானான்னு கேட்டு எழுது" என்றார். கூரை பறந்த வீட்டில் நின்றுகொண்டு அதைத்தான் கேட்டார். ஆண்ட்ரூ தகரம் தேடிப் பிடித்துப் போன வாரம் அடித்துக் கொடுத்துவிட்டான்.

எங்கள் வீடு மேல்மாடி அல்லவா, தகரம் பிய்ந்து அறைக்குள் மழை நின்றது. கட்டிலைக் காப்பாற்றினோம், அப்பாவின் புத்தகங்களைக் காப்பாற்றினோம், கணினியை மறந்துவிட்டோம். உலர்த்திப் பார்த்தேன், உயிர் வரவில்லை. பென் டிரைவும் போயிற்று. மாற்றக் குறிப்பு அவை இரண்டில் மட்டும்தான் இருந்தது, மின்னஞ்சல் பெட்டி நிறைந்துவிடும் என்று அனுப்பியதை எல்லாம் அவ்வப்போது அழித்துவிடுவேன். எத்தனையோ பேர் எல்லாவற்றையும் இழந்து நிற்கும்போது நான் இதற்கு அழுதால் அடுக்குமா? அடுக்காது. ஆனாலும் அழுதேன்.

இனி உங்கள் கையில் இருக்கும் கோப்புதான் மிச்சம். கடவுச்சொல்லை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். இனி பூட்டு எதற்கு?

சொல்லிவிட்டீர்கள் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றேன். நன்றி அண்ணா. மரமில்லாமல் தெரு மொட்டையாக இருக்கிறது. மின்சாரம் எப்போது வரும் என்று தெரியவில்லை.

தங்கை,
ஷாரோன்


சிங்கப்பூர்
29 ஜூன் 2008

அன்புத் தங்கச்சி ஷாரோனுக்கு,

அம்மாவுக்கு நீங்கள் செய்ததற்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன், சொல் போதவில்லை. ஆண்ட்ரூ கைக்கு முத்தம் என்று சொல்.

கருப்பையா மறுபடி வருகிறான், இந்த முறை ஒரு பெரிய உறையோடு. அதைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடு. வலைத்தளத்தில் கோப்பைப் பயன்படுத்தியவர்கள் நாலு வருஷமாக எனக்கு எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது. 'பராமரிப்பவருக்கு' என்று எழுதியிருப்பார்கள். உனக்கு வந்ததை நான் வைத்துக்கொண்டேன். நாலைந்து பேர் இல்லை ஷாரோன், எண்பதுக்கு மேல். போலந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் வகுப்பு முழுவதற்கும் இதில் செய்கிறாராம். மணிலாவில் ஒரு நர்ஸ், கண் தெரியாத தன் கணவர் தனியாகவே கதாபாத்திரம் செய்ய முடிவது இந்தக் கோப்பில்தான் என்று எழுதியிருக்கிறார், கணினி எழுத்தை வாசித்துக் காட்டுகிறதாம். பக்கங்களை வரிசை மாற்றியதால்தான் அது முடிகிறதாம், நீ மாற்றியது எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. சும்மா ஏற்றினேன், நன்றி வந்தது, வாங்கிக்கொண்டேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஊற்றினேன்.

முதல் பக்கத்தை மாற்றிவிட்டேன். 'தொடங்கியவர்: பொன்னுத்துரை. உருவாக்கிப் பராமரிப்பவர்: ஷாரோன் அமிர்தநாதன், யாங்கோன்.' வலைத்தளத்திலும் நடந்ததை எழுதிவிட்டேன். நாலு பேர் திட்டினார்கள், நியாயம். உன் எட்டாவது கிழமையைப் பற்றி இங்கே வாக்கெடுப்பு நடந்தது. பதினொரு பேரும் அது இருக்கட்டும் என்றார்கள். ரவூப் கதைக்குள் அந்தப் புதன் மாலைக்காரரையே கொண்டுவந்துவிட்டார்.

மாற்றக் குறிப்பை மட்டும்தான் என்னால் திருப்பித் தர முடியவில்லை, நீ அனுப்பிய மின்னஞ்சல்களையும் அப்போதே அழித்துவிட்டேன். நான் அழிக்காமல் இருந்திருந்தால் உலகத்தில் நூறு கணினியில் அது இருந்திருக்கும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உனக்கு ஞாபகம் வருவதை எழுதி அனுப்பு, நான் தட்டச்சு செய்கிறேன்.

அன்பு அண்ணன்,
பொன்னுத்துரை


யாங்கோன்
20 ஜூலை 2008

அன்புள்ள துரை அண்ணனுக்கு,

உறையைப் பிரித்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் படித்துவிடக் கூடாது என்று தீர்மானித்து, பஸ்ஸில் போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என்று வைத்துக்கொண்டேன். போலந்து வாத்தியாரைப் படித்த அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். எனக்குத் தெரியாமலே என் கைவேலை இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன், கிடைக்கவில்லை.

நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டாம். மாற்றக் குறிப்பு இருக்கிறது.

புயலுக்குப் பிறகு போன ஞாயிறுதான் பர்கத்துல்லா பாய் கடை திறந்தது. ஜெனரேட்டர் போட்டிருந்தார். நான் அனுதாபம் தேடிப் புலம்பியதைக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் வரிசையாகச் சிடி. நான் மின்னஞ்சல் அனுப்பக் கோப்பைக் கடைக் கணினியில் போடும்போதெல்லாம், மாதம் ஒரு முறை அதைச் சிடியில் எழுதி வைத்திருக்கிறார். நான் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை.

அங்கேயே உட்கார்ந்து குறிப்பை முதலிலிருந்து படித்தேன். எழுதியபோது ஒவ்வொன்றாக எழுதினேனே தவிர, சேர்த்துப் படித்தது அன்றைக்குத்தான். ஏழாவது குறிப்பில் நின்றுவிட்டேன். 'எட்டாவது கிழமை, புதன் மாலை. தனியாக நின்றால் குறையும், இருவர் சேர்ந்தால் கூடும். யோசித்துச் சேர்த்தவர்: ஷாரோன்.'

அண்ணா, அது என் யோசனை இல்லை. வரி கிழிந்த அன்று ஜெராக்ஸ் எடுத்தது பர்கத்துல்லா பாய். எட்டாவது என்ன போடலாம் என்று நான் விழித்தபோது, "ராகுவப் போடும்மா. தனியா விட்டா கெட்டுப் போவான், ரெண்டு பேரு கூட நின்னா நல்லாயிருவான்" என்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அப்படியே எடுத்து எழுதிக்கொண்டேன். நாலு வருஷத்தில் அது என்னுடையதாகிவிட்டது. பிப்ரவரியில் உங்களைத் திட்டி எழுதிய கடிதத்தில்கூட நான் வைத்த விதி என்று எழுதியிருப்பேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை.

அவரிடம் போய் நின்றேன். அவர் நனைந்துபோன கீபோர்டுகளைத் துடைத்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். "பாய், ஏழாவது குறிப்புல தப்பா எம்பேரு போட்டுட்டேன். அது நீங்க சொன்னது" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும்மா," என்றார். "எழுதி வைக்கிறவன் படிக்காமலா வைப்பேன்? மொத மாசமே பாத்தேன்."

முதல் மாதமே பார்த்திருக்கிறார். அதன் பிறகும் ஒவ்வொரு மாதமும் என் பெயரைச் சிடியில் எழுதிப் பத்திரமாக டின்னில் வைத்திருக்கிறார். துணியை வாங்கிக்கொண்டு அவரோடு உட்கார்ந்து மிச்சமிருந்த கீபோர்டுகளைத் துடைத்தேன்.

ஏழாவது குறிப்பைத் திருத்திவிட்டேன். முழுக் கோப்பையும் அனுப்பியிருக்கிறேன், ஏற்றிவிடுங்கள். முதல் பக்கத்தில் பாயையும் சேர்த்து இப்போது மூன்று பெயர். உங்களுடையதைத்தான் முதலில் வைத்திருக்கிறேன், எடுத்துவிடாதீர்கள்.

தங்கை,
ஷாரோன்